முதல் கரண்டி கொய்னா

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் பக்கத்தில், குனோங் ராபாட்டில் என் வீட்டுக்கு மூன்று இளைஞர்கள் வந்திருந்தார்கள். மூவருக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் வேலை. எங்கள் காலத்தில் அந்த வேலைக்கு ‘டிரெசர்’ என்று பெயர். புண் கழுவிக் கட்டுவதில் தொடங்கிப் பிணத்துக்குச் சீட்டு எழுதுவது வரை எல்லாம் டிரெசர் தலையில் விழும். இவர்களுக்கு இப்போது கொஞ்சம் மரியாதையான பெயர் வந்திருக்கிறது. தலைச்சுமை என்னவோ அதேதான்.

அவர்களில் ஒருவர் சொன்னார்: “மலேரியாவுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திர குடுக்குறோம் ஐயா. அதையும் வாங்கிட்டுப் போயி சாக்கடையில போட்டுடுறாங்க. நீங்க அந்தக் கசப்பு கொய்னாவ எப்படித்தான் குடிக்க வச்சீங்க?”

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில் பாதி பழைய பயம். கொய்னா என்று நாங்கள் சொன்ன அந்தக் குயினைனை நான் யாரையும் குடிக்க வைக்கவில்லை, தம்பிகளே. குடிக்க வைத்தது ஒரு முதலாளி. அவருக்கு உடம்பு கெட்டது, அதோடு ஒரு தோட்டமே கெட இருந்தது. நீங்கள் கேட்டதற்காக எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவன். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் முதலில் சீசா கழுவினேன். பிறகு மருந்து கலக்கவும், புண் கட்டவும், மைக்ராஸ்கோப்பில் ரத்தத் துளியைப் பார்க்கவும் பழகினேன். பழகி முடித்ததும் சுங்காய் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வேலை கிடைத்தது. முதல் உலக யுத்தம் முடிந்து ஓரிரு வருஷங்கள் ஆன சமயம் அது.

தோட்டத்து முதலாளி வெள்ளைக்காரர் அல்ல, தமிழர். பெயர் வீரப்பன். சேலம் பக்கத்திலிருந்து கூலியாக வந்து, கங்காணியாகி, காடு வெட்டும் குத்தகை எடுத்து, கடைசியில் தாமே காட்டு நிலத்தை எழுதி வாங்கி மரம் வைத்தவர். துரைமார் தோட்டங்களுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம் கொசுறு மாதிரி. ஆனால் அவர் ஊரிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் அவரை நம்பி வந்த சனம் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், நிரம்பிக் கிடந்தது.

அவருடைய போக்கைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. நல்ல சாப்பாட்டு ராமன். பழையதும் கருவாடும் வெட்டு வெட்டென்று வெட்டிவிட்டு, தோட்டத்தின் மேட்டுப் பகுதியான மலைத்துண்டு முழுக்க நடந்து வருவார். யார் வீட்டில் குழந்தைக்குப் பல் முளைத்தது, யாருக்கு மாமியாரோடு சண்டை என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. திட்டுவார், ஆனால் சிரித்துக்கொண்டே திட்டுவார். “ஏன்டா, மரத்துக்குச் சவரம் பண்ணச் சொன்னா கழுத்த அறுக்குற?” என்பார். திட்டு வாங்கியவனே சிரிப்பான், சிரித்தவன் கை லேசாகும். ரப்பர் மரம் வெட்டுவது என்றால் பாலுக்காகப் பட்டையைச் சீவுவது; அதில் கை லேசாக இருப்பதுதான் வித்தை. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் மரத்தில் காயம் பட்டு, திரும்ப வளர்கிற பட்டை முண்டு முண்டாகத் திரண்டுவிடும். பிறகு அந்த இடத்தில் வருஷக்கணக்கில் ஒழுங்காகப் பால் எடுக்க முடியாது.

இனி பிரட்டைச் சொல்கிறேன். வெள்ளாப்பில் ஆட்கள் எல்லாரும் களத்தில் வந்து வரிசையாக நிற்பார்கள். தண்டல் பெயர் கூப்பிட்டு யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்து விடுவார். அங்கேதான் கொய்னாவும் கொடுப்போம். கொய்னாத் தூள் வெறும் தண்ணீரில் கரையாது. திராவகம் சில சொட்டு விட்டுக் கலக்கினால்தான் கலங்கல் தெளியும். அதை ஒரு வாளியில் ஊற்றி, மூக்கு வைத்த கரண்டி ஒன்றால் மொண்டு கொடுப்பேன். யார் வாயும் கரண்டியில் படக் கூடாது. பட்டால் ‘அவன் எச்சில், இவன் எச்சில்’ என்று சாதிச் சண்டை கிளம்பிவிடும். ஆகவே எல்லாரும் அண்ணாந்து வாயைத் திறக்க வேண்டும், நான் ஊற்றுவேன். விழுங்கியதும் தன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மருந்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்த் துப்புகிற கெட்டிக்காரர்களுக்காக வைத்த சட்டம் அது. வாயில் மருந்தை வைத்துக்கொண்டு ‘முனியாண்டி’ என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

நான் போவதற்கு முன்பே ஒரு புரளி இருந்ததாம். முதலாளிக்குத் தனியாக இனிப்பு மருந்து, நமக்குத்தான் இந்தக் கசப்பு என்று. அதைக் கேட்ட வீரப்பன் முதலாளி மறுநாளே வரிசையின் முன்னால் வந்து நின்றார். எல்லாரும் பார்க்க அதே வாளியிலிருந்து மொண்டு தமக்கு முதலில் ஊற்றச் சொன்னார். குருவிக் குஞ்சு மாதிரி வாயைப் பிளந்து வாங்கிக் குடித்துவிட்டு, “வீரப்பன்!” என்று களமே அதிரக் கத்தினார். அது வழக்கமாகிவிட்டது. முதல் கரண்டி முதலாளிக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. அவர் முகம் சுளிப்பதைப் பார்த்து வரிசை சிரிக்கும், சிரித்த வாயில் நான் ஊற்றிக்கொண்டே போவேன்.

பெண்களைக் குடிக்க வைப்பதுதான் சிரமம். கொய்னா கருவைக் கலைத்துவிடும் என்று அவர்களுக்கு நிச்சயமான எண்ணம். அந்த வரிசைக்கு மாரியாயி என்பவள் தலைவி மாதிரி. வாய் நீளம், கை சுத்தம், தோட்டத்தில் அவளைப் போல மரம் வெட்ட ஆள் கிடையாது. “முதலாளியே குடிக்கிறாரு. கொல்ற மருந்தா இருந்தா மொதல்ல அவரல்ல போவணும்” என்று சொல்லிவிட்டு அவள் வாயைத் திறப்பாள். அவள் திறந்தால் மற்றவர்களும் திறப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ரப்பர் விலை படுத்துவிட்டது. பக்கத்துத் தோட்டங்களில் மரம் வெட்டுவதை நிறுத்தினார்கள். ஆட்களை மூட்டை முடிச்சோடு ரயிலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து கப்பல். ஊரில் மழை இல்லை, போனாலும் கஞ்சிக்கு வழி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வீரப்பன் முதலாளி பிரட்டில் நின்று, “என் தோட்டத்திலிருந்து ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். நீங்க ஒழுங்கா வெட்டுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. வியாபாரிகளைப் பார்க்க ஈப்போவுக்குப் போவார், போன இடத்தில் தங்கிவிடுவார். அந்த நாட்களில் மருந்து கிடையாது. திரும்பி வந்து காய்ச்சல் கண்டால் என் அலமாரியைத் திறந்து தூளை அள்ளி விழுங்குவார். “முதலாளி, கொய்னாவை இப்பிடி விட்டு விட்டு எடுக்கக் கூடாது. ஒழுங்கா எடுங்கோ, இல்லாட்டில் பெரிய வில்லங்கமாப் போகும்” என்று சொல்லிப் பார்த்தேன். “என் ஒடம்பு எரும ஒடம்பு டிரெசர். அதப் பத்திக் கவலப்பட இப்ப நேரமில்ல” என்றார். மலைப் பக்கம் புதிதாகக் காடு வெட்டியிருந்தார்கள். ஓடையில் வெயில் பட்டதும் கொசு பெருகிவிட்டது. கொசுப் புழு சாக அதில் எண்ணெய் தெளிக்கவும் அவருக்கு நேரமில்லை.

சோறு குறைந்தது. சிரிப்பு நின்றது. இப்போது அவர் திட்டினால் வெறும் திட்டுதான். அவர் வருகிற சத்தம் கேட்டாலே வெட்டுகிறவன் கை பதறும், கத்தி ஆழமாய் இறங்கும். நிரை நிரையாக மரங்களில் காயம். அதைப் பார்த்து அவருக்கு இன்னும் கோபம், அந்தக் கோபத்தில் இன்னும் காயம். என் கண் முன்னாலேயே இது சுற்றிச் சுற்றி நடந்தது. அவர் நாடியைப் பிடிக்கத் தெரிந்த எனக்கு இதை எந்த மருந்தால் நிறுத்துவது என்று தெரியவில்லை.

ஒரு காலை என்னை வீட்டுப் பின்கட்டுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார். குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. கண் மஞ்சள். வெள்ளைப் பீங்கான் சட்டியைக் காட்டினார். சிறுநீர், பால் விடாத கோப்பி-ஓ நிறத்தில் இருந்தது.

“இது என்னா டிரெசர்?”

கறுப்புத் தண்ணீர்க் காய்ச்சல். ரத்தம் உள்ளுக்குள்ளேயே உடைந்து சிறுநீரில் போகிற நோய். மலேரியாவில் கிடந்து கிடந்து, கொய்னாவைக் கண்டபடி எடுக்கிறவர்களுக்கு வரும். வந்தவர்களில் பிழைத்தவர்களைவிடப் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருந்தேன். “அசையாமல் படுங்கோ முதலாளி. ஒரு வார்த்தையும் கதையாதேங்கோ” என்று மட்டும் சொன்னேன்.

வெளியூர் டாக்டருக்கு ஆள் அனுப்பினோம். வெள்ளைக்காரர், நிதானமானவர். கட்டிலை விட்டு நகர்த்தக் கூடாது, பார்லித் தண்ணீர் வாய் ஓயாமல் கொடு, கம்பளி போர்த்து, கொய்னா ஒரு துளியும் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார். நான் கட்டிலருகிலேயே கிடந்தேன். ஒவ்வொரு முறையும் சட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப் பழையபடி ஆகும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் திரும்ப வந்து பார்த்துவிட்டு முதலாளியிடம் மலாய் மொழியில் பேசினார். இனிமேல் கொய்னா உனக்கு விஷம் என்று வைத்துக்கொள். கொசு இல்லாத இடத்துக்குப் போய்ச் சில மாதம் படுத்துத் தூங்கு. இன்னொரு தடவை இது வந்தால் என்னைக் கூப்பிட வேண்டாம். அவ்வளவுதான் பேச்சு.

டாக்டர் கார் போனதும் முதலாளி என் கையைப் பிடித்தார். “இது வெளியில தெரியக் கூடாது டிரெசர். கொய்னா குடிச்சு முதலாளிக்குக் கறுப்பா மூத்திரம் போச்சுன்னு ஒருத்தன் சொன்னாப் போதும். அப்பறம் எவன் குடிப்பான்? மஞ்சக்காமாலன்னு சொல்லுங்க. எம் பொஞ்சாதிக்கும் அதான்.” அவர் மனைவி பாக்கியம் அப்போது கர்ப்பம். கலியாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய முதல் கரு. அதனால் நானும் சரியென்றேன்.

பிரட்டுக்கு அவர் திரும்பி வந்தபோது நாற்காலி போட்டு உட்காரவேண்டியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. முதல் கரண்டியை நான் குடித்து என் பெயரைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்து தண்டல் குடித்தார். மாரியாயி முறை வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. நாற்காலியையே பார்த்தாள்.

“முதலாளி குடிக்கலியே?”

“அவருக்குக் காமாலை அம்மா. கசப்பு ஆகாது.”

“நீங்க மருந்துக்காரரு, எதையும் குடிப்பீங்க. தண்டலு, முதலாளி சொன்னா வெஷத்தையும் குடிப்பாரு. எனக்குப் புள்ளகுட்டி இருக்குலா.”

அன்று பாதிப் பேர் குடிக்கவில்லை. கட்டாயத்தில் வாங்கியவர்கள் வேலி ஓரத்தில் துப்பினார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. முதலாளிக்குச் செய்வினை என்றார்கள். முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டார், அடுத்த ரயில் நமக்குத்தான் என்றார்கள். அவர் முகத்தைப் பார்த்தால் அதை நம்பாமலும் இருக்க முடியாது. அடுத்த மழைக்குள் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் நிறைந்து வராந்தாவில் பாய் போட்டேன். மலைத்துண்டில் வெட்ட ஆளில்லாமல் மரங்கள் சும்மா நின்றன. முத்து என்பவனின் கைக்குழந்தை காய்ச்சலில் போயிற்று. அதைக் குழிக்குள் வைத்துவிட்டு வந்த அன்று முதலாளி என் மருந்தறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“நாளைக்கு நான் குடிக்கப் போறேன்.”

“முதலாளி, டாக்டர் சொன்னது மறந்து போச்சோ?”

“வேற ஏதாச்சும் கசப்புத் தண்ணி கலந்து எனக்கு ஊத்த முடியுமா?”

முடியாது. எல்லாரும் பார்க்க ஒரே வாளியில் மொள்ள வேண்டும் என்று வைத்தவரே அவர்தான். தமக்குத் தனி வாளி வைத்தால் பழைய புரளி உயிரோடு எழுந்து வரும். அவருக்கே அது தெரியும், சும்மா ஆற்றாமையில் கேட்டார். எழுந்து போகும்போது சொன்னார்: “என்னால முடியலன்னு தெரிஞ்சா இவங்க ஓடிருவாங்க. ஒரு கரண்டிதான டிரெசர்?” அவர் கால் தள்ளாடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கரண்டி போதும், அவரைக் கொல்ல.

அவர் போன சற்று நேரத்தில் பாக்கியம் அம்மா வந்தார். ஆஸ்பத்திரிப் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததில்லை. நிறைந்த வயிறு. வாசல்படியில் நின்றபடியே கேட்டார்.

“அவருக்குக் காமாலையா, கறுப்புத் தண்ணியா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“சட்டிய நீங்க வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தீங்க. அதக் கழுவி வச்சவ நான். எனக்குக் கண்ணு இல்லியா? அந்தக் கொய்னா அவருக்கு ஆவுமா, ஆவாதா?”

“ஆகாது அம்மா.”

“எனக்கு?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது, அழுகை இல்லை. “கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வாறதுதான் பெரிய ஆபத்து. நாங்கள் குடுக்கிற இந்தச் சின்ன அளவு ஒண்டும் செய்யாது. அப்பிடித்தான் டாக்டரும் சொல்லுறார், புத்தகமும் சொல்லுது” என்றேன்.

“புத்தகம் கெடக்கட்டும். உங்க சம்சாரம் இப்பிடி இருந்தா ஊத்துவீங்களா?”

“ஓம். ஊத்துவன்.”

“சரி. சுவர வச்சுத்தான் சித்திரம் எழுதணும். இந்த மனுசன் சுவர இடிச்சுட்டுச் சித்திரம் எழுதுறேங்கிறாரு.” சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் பாதி புரிந்தது. புரிந்ததால் இன்னும் பயம். புத்தகம் பொய் சொல்லாது. ஆனால் கருக்கள் தாமாகவும் கலைவதுண்டு. அப்படி ஒன்று நடந்தால் என் புத்தகத்தை யார் கேட்பார்கள்?

மறுநாள் பிரட்டில் முதலாளி இல்லை. மேட்டில் இருந்த அவர் வீட்டிலிருந்து கதவு இடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மேட்டிலிருந்து பாக்கியம் அம்மா மெல்ல இறங்கி வந்தார். முந்தானையில் சாவி முடிந்திருந்தது.

“என்னா பாக்குறீங்க? உங்க முதலாளிதான். உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன்” என்றார். வரிசையில் ஒரு பெண் தன்னையறியாமல் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் பேசியதுதான் காரணம்.

“அவருக்கு வந்தது காமாலை இல்ல, கறுப்புத் தண்ணிக் காச்சல். நல்லாக் கேட்டுக்குங்க. கொய்னாவ ஒழுங்காக் குடிக்காம, நெனச்சா அள்ளி முழுங்கி, நெனச்சா விட்டு, தூங்காம திங்காம அலைஞ்சு வந்தது. இனிமே அந்த மருந்து அவருக்கு ஆவாது. இன்னிக்குக் குடிச்சுச் செத்தாலும் பரவால்லன்னு நின்னாரு. உங்களுக்காகத்தான். நான் விடல.” மூச்சு வாங்கியது. என்னிடம் திரும்பினார். “ஊத்துங்க டிரெசர்.”

வாளியில் மொண்டேன். அவர் அண்ணாந்து வாயைத் திறந்தார். ஊற்றினேன். கண்ணை இறுக மூடி விழுங்கினார். பிறகு, “பாக்கியம்” என்று சொன்னார். அதுவரை அவரை ‘முதலாளியம்மா’ என்று மட்டுமே அறிந்திருந்த சனம் அன்றுதான் அந்தப் பெயரைக் கேட்டது. பெண்கள் வரிசையில் யாரும் அசையவில்லை. எல்லார் கண்ணும் அவர் வயிற்றில் இருந்தது.

கடைசியில் மாரியாயி முன்னால் வந்தாள். “வயித்துப் புள்ளயோட நீங்க குடிச்சா நாங்க குடிக்காம இருக்க முடியுமா? ஆனா ஒண்ணு சொல்றேன் அம்மா. உங்களுக்கு ஏதாவது ஆச்சு, இந்த வாளிய நானே ஓடையில கவுத்துருவேன்.” சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

வரிசை முடிந்ததும் சாவியை வாங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். முதலாளி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து களம் முழுக்கத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “நான் இல்லாமயும் குடிக்கிறாங்க டிரெசர்” என்றார். அதில் ஆறுதல் எவ்வளவு, வலி எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த வாரமே பாக்கியம் அம்மாவும் நானுமாக அவரை ஈப்போவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் காதில் போடக் கூடாது, மத்தியானமும் தூங்கவைக்க வேண்டும் என்று அந்த வீட்டாரிடம் சொல்லி அனுப்பினேன்.

பிறகு வந்த நாட்களைப் போல நான் என் சர்வீஸில் பயந்தது கிடையாது. தினமும் பாக்கியம் அம்மா களத்துக்கு வருவார். தினமும் நான் ஊற்றுவேன். வாயைத் திறக்குமுன் “அசையுது டிரெசர்” என்பார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அந்த வார்த்தை வந்தால்தான் என் கை கரண்டியைத் தூக்கும். ஒருநாள், “நேத்துலேர்ந்து அசையல” என்றார். சொல்லிவிட்டு வழக்கம் போல வாயைத் திறந்தார், வரிசை பார்த்துக்கொண்டிருக்கிறதே. நான் ஊற்றினேன். பிறகு மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டேன். மத்தியானம் மருத்துவச்சி வந்து, “ஒதைக்குது, ஒதைக்குது, போய்ச் சாப்புடுங்க” என்று சொல்லும் வரை நான் மனிதனாக இல்லை.

இதற்கிடையில் கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஓடைக்கு எண்ணெய் தெளித்தோம். ஆட்கள் நிரைக்குத் திரும்பினார்கள். கத்துகிறவர் இல்லாததால் கைகளில் பதற்றம் குறைந்தது, மரத்தில் புதுக் காயம் விழவில்லை. விலை இன்னும் ஏறவில்லை, ஆனாலும் எங்கள் ரப்பர்த் தகடு சுத்தமாக இருந்ததால் அதை வாங்க ஆள் வந்தது. தோட்டம் மூச்சுவிட ஆரம்பித்தது. எல்லாம் அந்த ஒரு வயிற்றை நம்பி நின்றது. அதை லயத்தில் எல்லாரும் அறிவார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வலி கண்டபோது கோழி கூவத் தொடங்கியிருந்தது. முதலாளி இரண்டு நாள் முன்பே ஈப்போவிலிருந்து வந்துவிட்டார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது, பழைய சிரிப்பும் வந்திருந்தது. மருத்துவச்சி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் நானும் அவரும். நான் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். பிரட்டு மணி அடித்தது.

“போங்க டிரெசர், நேரமாச்சு” என்றார்.

“நான் இங்கை நிக்கிறன் முதலாளி. இண்டைக்கு ஒருநாள் தண்டல் பார்க்கட்டும்.”

“தண்டலு பாக்க மாட்டாரு. நீங்கதான் போவணும். மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டுப் போங்க. இந்த மூஞ்சியோட போனீங்கன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நான் அப்பிடித்தான் ஒரு தோட்டத்தையே கெடுத்தேன்.”

கழுவிக்கொண்டு போனேன். வாளியைக் கலக்கி வைத்தேன். வரிசை நின்றது, சத்தமே இல்லை. முதல் கரண்டியை நான் குடித்தேன். ஒருத்தரும் முன்னால் வரவில்லை. மாரியாயி கையைக் கட்டிக்கொண்டு மேட்டு வீட்டையே பார்த்தாள்.

“சேதி வரட்டும் டிரெசர். பொறவு குடிக்கலாம்.”

கழுவிய முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான் என்னால் முடிந்தது. மேட்டிலிருந்து ஒரு அலறல் வந்தது, பிறகு நின்றது. நின்றது அலறலைவிட மோசமாக இருந்தது. கிழக்கே வெளுத்துவிட்டது, ஆட்கள் நிரைக்குப் போகவேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. தண்டல் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனார், மாரியாயி கையைக் காட்டி நிறுத்தினாள்.

மேட்டு வீட்டுக் கதவு திறந்தது. மருத்துவச்சி ரத்தக் கையோடு வாசலில் வந்து நின்று, இங்கே கேட்கும்படி கத்தினாள்: “பொம்பளப் புள்ள! ரெண்டு உசுரும் சொகமா இருக்கு!”

பின்னாலேயே குழந்தை அழும் சத்தம். களத்தில் யாரோ விசும்பினார்கள். நானாகவும் இருக்கலாம். மாரியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே என் முன்னால் வந்து, அண்ணாந்து வாயைத் திறந்தாள். நான் மொண்டு ஊற்றினேன். கை கிடுகிடுவென்று நடுங்கி, மருந்து முழுவதும் அவள் மூக்கிலும் கன்னத்திலும் வழிந்தது.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“மூஞ்சியில ஊத்துறீங்களே டிரெசர். வாயில ஊத்துங்க. நேரமாவுது, மரம் வெட்டப் போவணும்.”